550 வாட் பவர் சப்ளைக்கு எந்த கார்டு: 4060 டிஐயா, 7800 எக்ஸ்டியா?

ரைசன் 5 5600 பிராசஸரும் 550 வாட் பவர் சப்ளையும் உள்ள கணினிக்கு இந்த இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளையும் ஒப்பிடும்போது, கார்டின் விலையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும்.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ 160 வாட் கார்டு (16 ஜிபி மாடல் 165). பெரும்பாலான மாடல்களுக்கு பவர் சப்ளையிலிருந்து ஒரே ஒரு 8 பின் கேபிள் போதும். மதர்போர்டு ஸ்லாட் வழியே 75, கேபிள் வழியே 150 என்று 225 வாட் வரை வழி உண்டு. என்விடியா கேட்பதும் 550 வாட் பவர் சப்ளைதான். பழைய கார்டைக் கழற்றி இதை மாட்டினால் வேலை முடிந்தது.

ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி 263 வாட் கார்டு. இரண்டு 8 பின் வேண்டும். ஏஎம்டியின் பரிந்துரை 700 வாட். பிராசஸருக்கு உச்சத்தில் 76, மற்ற பாகங்களுக்கு 60 என்று சேர்த்தாலும் 399தானே, 550 போதாதா என்று தோன்றும். சராசரிக்குப் போதும். ஆனால் இவ்வகைக் கார்டு, மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுக்கும். பழைய பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று அதைக் கோளாறாக எடுத்துக்கொண்டு இணைப்பை அறுத்துவிடலாம். நீலத்திரைகூட வராமல், கேம் நடுவே கணினி பட்டென்று அணையும். விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று பதிவாகியிருக்கும். அந்தப் பதிவு வேறு காரணத்தாலும் வரும் என்றாலும், கார்டு மாற்றிய பிறகுதான் தொடங்கியது என்றால் முதலில் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள்.

வாட் எண்ணைவிட முக்கியம், பவர் சப்ளையின் லேபிளில் 12 வோல்ட் வரிசையில் உள்ள ஆம்பியர். 45 ஆம்பியர் என்றால் 540 வாட். அது நேர்மையான 550. அங்கே 30 மட்டும் இருந்தால் கையில் கிடைப்பது 360 வாட்தான், 4060 டிஐக்கு என்விடியா கேட்கும் 550-ஐயே அது எட்டாது. 80 பிளஸ் முத்திரை மின்சிக்கனத்தைத்தான் காட்டும்.

யுபிஎஸ்ஸை இங்கே பலரும் மறந்துவிடுகிறார்கள். 7800 எக்ஸ்டியோடு வரும் 399 வாட் சுமைக்கு, பவர் சப்ளையின் 85 சதவீதத் திறனில், சுவரிலிருந்து சுமார் 470 வாட் போகும். வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யுபிஎஸ் 360 வாட்தான் தாங்கும். கரண்ட் போன நொடியே கைவிட்டுவிடும். 4060 டிஐயோடு முழுச் சுமையில் அதுவே விளிம்பில்தான் நிற்கும்.

1080பி திரைக்கு, பவர் சப்ளை நல்லதாக இருந்தால், 4060 டிஐ. அதிலும் 8 ஜிபி இன்றைய கேம்களுக்குப் பற்றாது, 16 ஜிபி மாடலை எடுங்கள். 1440பி என்றால் 7800 எக்ஸ்டிதான்; 16 ஜிபியும் 256 பிட் மெமரிப் பாதையும் அங்கே பலன் தரும். அதற்கு, திடீர் இழுப்பைத் தாங்க வகுத்த ஏடிஎக்ஸ் 3.0 தரத்து 750 வாட் பவர் சப்ளையின் விலையையும் கார்டோடு கூட்டிக்கொண்டு முடிவெடுங்கள்.

மாட்டும்போது இரண்டு 8 பின்னுக்கும் தனித்தனிக் கேபிள் விடுங்கள்; ஒரே கேபிளின் இரட்டை முனையில் முழுச் சுமையையும் ஏற்ற வேண்டாம். பிராசஸருக்கான 4+4 முனையைக் கார்டில் திணிக்காதீர்கள். கார்டுக்கு உரியது 6+2. பவர் சப்ளையையும் மாற்றினால், பழையதன் மாடுலர் (இரு முனையும் கழலும்) கேபிள்களை, டிரைவுக்கான சாட்டா உட்பட, ஒன்றுவிடாமல் கழற்றிவிடுங்கள். பவர் சப்ளைப் பக்கத்தில் பின் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது. முனை கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் எஸ்எஸ்டி எரிந்துபோகலாம்.