மகளிர் குழுக் கணக்கு நோட்டு செட்: எது தேறும், எது தேறாது

மதுரை மாசி வீதிப் பக்கம் ஸ்டேஷனரி கடைகளில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கென்று அச்சடித்த நோட்டுகளைச் செட்டாக விற்கிறார்கள். கூட்ட முடிவுகளை எழுதும் தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், ஒவ்வொரு உறுப்பினரின் கணக்கையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதும் சேமிப்பு–கடன் பேரேடு, குழுவின் மொத்த வரவு செலவை இனம் பிரித்து எழுதும் பொதுப் பேரேடு, ஆளுக்கொரு பாஸ்புக் என ஐந்து வகை. எட்டாவது படித்த பெண் ஒருவர் உட்கார்ந்து எழுதப் போதும். எழுதியதை மற்ற உறுப்பினர்கள் சரிபார்க்க முடியுமா என்று பார்த்தால்தான் செட் சறுக்குகிறது.

பாஸ்புக்தான் மோசம். ‘கட்டிய தொகை’ என்று ஒரே கட்டம். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்து எழுத இடமில்லை. 10,000 ரூபாய் கடன், 10 மாதத் தவணை, நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்று வையுங்கள். முதல் மாதம் அசல் 1,000, வட்டி 200. அடுத்த மாதம் மீதி அசல் 9,000, அதனால் வட்டி 180. இப்படிக் குறைந்துகொண்டே வந்தால் மொத்த வட்டி 1,100. மாதாமாதம் 200 என்றே வாங்கினால் 2,000 ஆகிவிடும். ஒரே கட்டத்தில் எழுதும்போது இந்த 900 ரூபாய் வித்தியாசம் யார் கண்ணிலும் படாது. முதல் மாதம் 1,000 மட்டும் கொண்டுவந்தால் முதலில் வட்டி 200 போக, அசலில் 800தான் கழியும். மீதி 9,200, அடுத்த வட்டி 184. பாஸ்புக்கை வாங்கியதும் ஸ்கேல் வைத்து அந்தக் கட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஓரத்தில் ‘மீதி அசல்’ என்று இன்னொரு கட்டமும் போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்த ஒரு எண்ணை அடையாளம் காணச் சொல்லிக்கொடுத்துவிடலாம். கூட்டம் முடியுமுன் அவரவர் மீதியை வாய்விட்டுச் சொல்லவைத்தால் பேரேட்டோடு அங்கேயே ஒத்துப்பார்த்த மாதிரியும் ஆச்சு.

சேமிப்பு–கடன் பேரேடு நன்றாக இருக்கிறது, ஆனால் வரிகள் போதாது. உறுப்பினருக்கு 2 பக்கம், பக்கத்துக்கு 25 வரி, ஆக 50. வாரக் கூட்டம் போடும் குழுவுக்கு ஆண்டுக்கு 52 வரி வேண்டும். ஏப்ரலில் தொடங்கினால் மார்ச்சில், தணிக்கை நேரம் பார்த்துப் பக்கம் தீரும்! 20 பேர் உள்ள குழு ஆளுக்கு 3 பக்கம் ஒதுக்குவது நல்லது. மாதக் கூட்டம் என்றால் கவலையில்லை.

ரொக்கப் புத்தகத்தில் வரவு இடது, செலவு வலது, அடியில் கையிருப்பு. குறை சொல்ல ஏதுமில்லை. எழுதுகிறவர்கள்தான் வங்கியில் கட்டிய பணத்தைச் செலவாகக் காட்டி, கணக்கு இடிக்கிறது என்று முழிக்கிறார்கள். அது செலவே இல்லை. ரொக்கக் கட்டத்திலிருந்து வங்கிக் கட்டத்துக்கு மாறுகிறது, அவ்வளவுதான். கையிருப்புக்குக் கீழே 500, 200, 100 நோட்டு எத்தனை என்று எழுதி ஊக்குநரும் (குழுவை முன்நின்று நடத்துபவர்) உறுப்பினர்களின் பிரதிநிதி ஒருவரும் கையெழுத்திட வேண்டும். இதற்கும் அச்சில் இடமில்லை, ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

தீர்மான நோட்டில் பக்க எண் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். இல்லாததை எடுக்காதீர்கள், பக்கம் கிழித்தால் தெரியாது. தாள் மெல்லிசாக இருந்தால் மை பின்பக்கம் ஊறும், பால்பாயின்ட் பேனாவே வைத்துக்கொள்ளுங்கள். தப்பு விழுந்தால் வெள்ளை மை வேண்டாம்: ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியான எண், பக்கத்தில் கையெழுத்து.

பொதுப் பேரேட்டை முதல் மாதங்களில் தொடாவிட்டாலும் நஷ்டமில்லை. ஆனால் குழு ஆறு மாதம் ஒழுங்காக நடந்த பிறகு வங்கிக் கடன் கேட்கலாம், அப்போது புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பார்கள். ஆகவே நான்காம் மாதத்திலாவது தொடங்கிவிடுங்கள். செட்டாக வாங்காமல் தனித்தனியாகக் கொடுக்கும் கடையானால் சேமிப்பு–கடன் பேரேட்டில் இரண்டு எடுங்கள். பாஸ்புக்குக்குப் பதில் சாதாரண 40 பக்க நோட்டில் கோடு போட்டுக்கொள்வதே மேல்.