புதுசு என்று சொல்லி பழைய ஹார்டு டிஸ்க், போனது 17,500 ரூபாய்

குன்னூரில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோக்களைப் போட்டு வைக்கும் சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது, 8 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கலாம் என்று கோயம்புத்தூர் இறங்கினேன். கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடை, பெயர் வேண்டாம்.

நான் ஏமாந்தது அந்த ஆளின் பேச்சில். டெஸ்க்டாப் டிஸ்க் ஒன்றை எடுத்து வைத்து, "இது எஸ்எம்ஆர்ங்ணா, ஓடு வேய்ஞ்ச மாதிரி டேட்டா எழுதற டிராக் மேல டிராக் ஏறி உக்காந்திருக்கும், ஒண்ணைத் திருத்தணும்னா பக்கத்துல இருக்கறதையும் சேர்த்து எழுதணும், பல டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டற ரெய்டுல போட்டீங்கன்னா, ஒண்ணு கெட்டு மாத்துனா புதுசுல எல்லாத்தையும் திரும்ப எழுதற ரீபில்டு முடியவே நாள்கணக்காகும், உங்களுக்கு டிராக் மேல டிராக் ஏறாத சிஎம்ஆர்தான் சரி" என்றார். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். இவ்வளவு விவரம் தெரிந்தவர் ஏமாற்றுவாரா என்று நினைத்துவிட்டேன். வெள்ளிக் கவரில் சீல் போட்ட, நிமிஷத்துக்கு 7,200 சுற்று ஓடும் சர்வர் டிஸ்க்கை நீட்டினார். பில் போட்டால் 20,650, இல்லாவிட்டால் 17,500. ஆசை யாரை விட்டது! துண்டுச் சீட்டோடு மலையேறினேன்.

ஒன்பதாம் நாள் கோத்தகிரிப் பக்கம் எடுத்த ஒரு படுகர் கல்யாணத்தைக் காப்பி செய்யும்போது டக், டக் என்று சத்தம். பாதி ஃபைல் திறக்கவில்லை. (கேமரா கார்டை அழிக்காமல் வைத்திருந்தேன், இல்லையென்றால் பெண் வீட்டார் முகத்தில் எப்படி முழிப்பது.) ஊட்டியில் சர்வர் வேலை பார்க்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் கணக்கில் ஓடியது 212 மணி நேரம், நான் ஓட்டியது மட்டும். அப்புறம் ஃபார்ம் என்று உள்ளே இருக்கும் இன்னொரு பதிவைத் திறந்தார்: 26,140 மணி. கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஓய்வில்லாமல் ஓடிய டிஸ்க்! ஸ்மார்ட் கணக்கை அழித்துவிட்டுப் பழசைப் புதுசாக விற்கும் இதே தில்லுமுல்லு 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் வெளியே வந்ததாம். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி வட்டமாகத் தேய்மானம். வாங்கிய அன்றே கவரைப் பிரித்துப் பார்த்திருக்கலாம்.

போன் போட்டேன். "உங்க ஊர் ஈரத்துக்குப் போயிருக்கும்ங்ணா" என்றார். அடுத்த நாள் ஓனர் வெளியூர். அதற்கடுத்த நாள் "கம்பெனிக்குத்தான் அனுப்பணும், பில் இருக்குங்களா?" பில் போடாமல் விற்றவரே கேட்கிறார்! நேரில் போனால் கடைப் பையன் "நீங்க இங்கதான் வாங்குனீங்களா?" என்கிறான். 17,500 ரூபாயோடு இரண்டு தடவை பஸ் செலவு, இரண்டு நாள் வேலை.

என்ன வாங்கலாம், எப்படி ஒப்பிடலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனசில்லை. பில் இல்லாமல் வாங்காதீர்கள். கடையிலேயே சீரியல் நம்பரை கம்பெனி வெப்சைட்டில் போட்டு வாரண்டி பாருங்கள். சீகேட் கம்பெனி டிஸ்க் என்றால், டிஸ்க்கைச் சோதிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் மென்பொருளில் (7.4 பதிப்போ அதற்குப் பிந்தியதோ) ஃபார்ம் பதிவையும் பாருங்கள், ஸ்மார்ட் மணிக்கணக்கை மட்டும் நம்பாதீர்கள். காலையிலிருந்து நான்கு முறை கூப்பிட்டுவிட்டேன், இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள்.