கல்லீரல் கட்டிக்கு லேசர்: ஊசி மெல்லிசு, கைவேலை அதிகம்

கல்லீரல் புற்றுக்கட்டி 2 செ.மீ. அளவில், தடித்த ஊசி செலுத்தத் தயங்கும் இடத்தில் இருந்தால், ஊசி வழியே லேசர் ஒளியை உள்ளே செலுத்திக் கட்டியைச் சூட்டால் வேகவைத்து அழிக்கும் முறை நன்றாகவே கைகொடுக்கும். 4 செ.மீ. தாண்டிவிட்டால், நுண்ணலையால் சூடேற்றும் மைக்ரோவேவ் ஊசியே மேல். இந்த முடிவுக்குக் காரணம் லேசரின் சக்தி அல்ல, ஊசிகளின் எண்ணிக்கை.

இத்தாலியின் எலெஸ்டா நிறுவனத்து எக்கோலேசர் என்ற கருவியில் 21 கேஜ் ஊசி, அதாவது சுமார் 0.8 மி.மீ. பருமன். கட்டியைச் சூடேற்றி அழிக்கும் இன்னொரு முறையான ரேடியோ அலை சிகிச்சைக்குப் பெரும்பாலும் 14 முதல் 17 கேஜ் ஊசி தேவைப்படும். கேஜ் எண் குறையக் குறைய ஊசி தடிக்கும். மரத்துப்போக ஊசி போட்டு, தேவைப்பட்டால் லேசான மயக்கம் கொடுத்து, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசியைக் கட்டிக்குள் இறக்குகிறார்கள். உள்கம்பியை உருவிவிட்டு 300 மைக்ரான் ஒளியிழையைச் செலுத்தி, இழையின் நுனி திசுவில் படும்படி ஊசியைச் சற்றே பின்னிழுக்கிறார்கள். வழக்கமான அளவு, இழைக்கு 5 வாட் வீதம் 6 நிமிடம். கணக்குப் போட்டால் 1800 ஜூல். ஓர் இழை வேகவைப்பது ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. அகலம்தான். அதனால்தான் ஒரே நேரத்தில் 4 இழை வரை எரிக்க வழி வைத்திருக்கிறார்கள். நீளமான கட்டி என்றால் இழையைப் பின்னுக்கு இழுத்து இன்னொரு சுற்று.

கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். சூடு ஏறியதும் திசுவில் குமிழிகள் கிளம்பி அல்ட்ராசவுண்ட் திரையில் வெள்ளையாகப் படரும். அதன்பின் அடுத்த ஊசி எங்கே போகிறது என்று தெரியாது. எல்லா ஊசிகளையும் இறக்கி, இடைவெளி சரிபார்த்த பிறகே லேசரை முடுக்க வேண்டும். அந்த வெள்ளைப் படலத்தைப் பார்த்துக் ‘கட்டி வெந்துவிட்டது’ என்று முடிவு கட்டுவதும் தவறு. பெரிய இரத்தக்குழாய் பக்கத்தில் ஓடினால், ஓடும் இரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும்; அந்த விளிம்பில் உயிருள்ள புற்றுத் திசு மிஞ்சும். இந்தச் சிக்கல் மற்ற சூட்டு முறைகளுக்கும் உண்டு.

லேசரிலேயே இன்னொரு வகை, ஜெர்மனியின் பிராங்க்பர்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் தாமஸ் ஃபோகல் குழு பெரிதாக வளர்த்தெடுத்தது. 60 டிகிரி தாண்டினாலே திசு வெந்துவிடும். 100-ஐத் தாண்டினால் கருகும். கரி ஒளியை அங்கேயே விழுங்கிவிடும், மேற்கொண்டு உள்ளே போகாது. அடிப்பிடித்த பாத்திரத்தில் மேல்பாகம் வேகாமல் நிற்பது மாதிரி. இதைத் தடுக்க இழையைச் சுற்றி உப்புநீர் ஓடும் குழாய் வைத்தார்கள். நுனி கருகாததால் கூடுதல் வாட் கொடுக்க முடிகிறது, வேகும் பரப்பும் பெரிதாகிறது. ஆனால் இழையைச் செலுத்தும் உறை, குழாய்ப் பருமனைச் சொல்லும் பிரெஞ்ச் அளவில் 9, அதாவது 3 மி.மீ.; மெல்லிய ஊசி என்ற பெருமை இங்கே செல்லாது. ஈடாகக் கிடைப்பது எம்.ஆர்.ஐ. வெப்ப அளவீடு. கண்ணாடி இழையைக் காந்தம் ஒன்றும் செய்யாது என்பதால், சூடு பரவுவதைப் படத்திலேயே பார்த்து நிறுத்தலாம். கட்டியைத் தாண்டிச் சுற்றிலும் 1 செ.மீ. வரை வேகவைப்பதே இலக்கு.

பாதுகாப்பைப் பொறுத்தவரை நல்ல மதிப்பெண். 2002-இல் ஃபோகல் குழு வெளியிட்ட 899 நோயாளிகளின் கணக்கில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 3 பேர். வடிகுழாய் தேவைப்பட்ட சீழ்க்கட்டி 15 பேருக்கு, நுரையீரல் உறையில் நீர் கோத்து ஊசியால் எடுக்க வேண்டியது 16 பேருக்கு. பித்தநாளத்தில் முன்பே அறுவையோ குழாயோ வைத்தவர்களுக்குச் சீழ் பிடிக்கும் ஆபத்து கூடுதல். இதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். ஓரிரு நாள் லேசான காய்ச்சல், வலது தோளில் வலி வருவது இயல்பு. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் திரும்பினால் காத்திருக்கக் கூடாது.

ஒரு மாதம் கழித்து எடுக்கும் சாய ஸ்கேனில் வெந்த பகுதி கட்டியைவிடப் பெரிதாக, சாயம் ஏறாமல் கறுப்பாகத் தெரிய வேண்டும். அளவு கட்டிக்குச் சமமாக இருந்தாலே ‘கட்டியைத் தாண்டி வெந்த விளிம்பு எத்தனை மி.மீ.?’ என்று கேளுங்கள்.