பாயிங்க்: முகம் தெரியாத கணினிகளைக் கட்டி மேய்க்கும் மென்பொருள்

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான, தன்னார்வலர்களின் கணினிகளில் மிஞ்சும் திறனை அறிவியல் கணக்குகளுக்குப் பயன்படுத்தும் பாயிங்க் (BOINC) என்னும் இலவச மென்பொருளைச் சில மாதங்களாக என் பழைய மடிக்கணினியில் ஓட்டி வருகிறேன். வேற்றுலக உயிர்களின் வானொலிச் சமிக்ஞையைத் தேடுவதற்காக 1999இல் தொடங்கி, 2020 மார்ச்சு இறுதியில் புதிய வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்ட செட்டி அட் ஹோம் திட்டத்தின் அனுபவத்திலிருந்து பிறந்தது இது. நான் சேர்ந்திருப்பது, சுழன்றபடி சீரான துடிப்புகளை அனுப்பும் பல்சார் விண்மீன்களையும், காலவெளியில் பரவும் அதிர்வுகளான ஈர்ப்பலைகளையும் தேடும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்தில்.

திட்டத்தின் சர்வர் பெருங்கணக்கைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் கெடு குறித்து அனுப்புகிறது. கெடு தாண்டினால் அந்தத் துண்டு வேறொருவருக்குப் போய்விடும். எந்தக் கணினியின் விடையையும் அது கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில்லை. ஒரே துண்டைப் பெரும்பாலும் இருவரிடம் கொடுத்து, விடைகள் ஒத்துப்போனால் மட்டுமே மதிப்பெண் தருகிறது. ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவரிடம் போகிறது. முடித்தனுப்பிய என் வேலை, யாரோ ஒருவரின் விடைக்காக நாள்கணக்கில் நிலுவையில் கிடப்பது தொடக்கத்தில் எரிச்சலூட்டியது. (அந்த மதிப்பெண்ணைக் கொண்டுபோய் ஒரு டீகூட வாங்க முடியாது என்பது வேறு விஷயம்.) அணுத்துகள்களை ஆராயும் செர்ன் ஆய்வகத்தின் கிரிட்டில், அதாவது பல இடத்துக் கணினிகளைச் சேர்த்து இயக்கும் பிணையத்தில், ஒன்றையொன்று அறிந்த கணினி மையங்கள் இணைந்திருப்பதால், இதைக் கிரிட் என்று சொல்லவே தயங்குவோர் உண்டு. ஆனால், யாரென்றே தெரியாதவர்களை வைத்து வேலை வாங்குவதால்தான் எனக்கு இதன் நிர்வாகம் இன்னும் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.

நம் கணினியில் நடக்கும் நிர்வாகமும் நன்று. இரண்டு திட்டங்களில் சேர்ந்து, ஒன்றுக்கு 100, மற்றதற்கு 50 எனப் பங்கு குறித்தால், காலப்போக்கில் உழைப்பு அந்த விகிதத்திலேயே பிரிகிறது. கணக்கு அவ்வப்போது வட்டில் சேமிக்கப்படுவதால், கரண்ட் போனாலும் விட்ட இடத்துக்குச் சற்று முன்பிருந்து தொடர்கிறது.

ஆனால், நிறுவியவுடன் அமைப்புகளைத் திறந்து பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் விட்டதில் செயலியின் எல்லாக் கோர்களும் முழுமூச்சாக ஓடி, மடியில் வைக்க முடியாத அளவுக்குக் கணினி சுட்டது. பாதிக் கோர்களுக்கு மேல் தொடக்கூடாது, பேட்டரியில் ஓடும்போது நிற்க வேண்டும் என்று குறித்த பிறகே விசிறியின் இரைச்சல் அடங்கியது. கரண்ட் பில் நம் தலையில்தான் என்பதால், இதற்கென்று இரவு முழுவதும் கணினியை விழித்திருக்க விடுவதில்லை. நான் தட்டச்சு செய்யும் பகல் பொழுதில் மிஞ்சுவதை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது.