நான்கு முனைப் பிளக்கா, ஏழு முனைப் பிளக்கா?

இழுக்கும் வண்டியிலிருந்து டிரெய்லருக்கு மின்சாரம் கொண்டுசெல்ல வட அமெரிக்க வண்டிகளில் பரவலாகக் காணப்படும் தட்டையான நான்கு முனைப் பிளக்கில், எர்த்துக்கு வெள்ளைக் கம்பியும், பின்விளக்குக்குப் பழுப்பும், பிரேக் விளக்கும் சிக்னலும் சேர்ந்த இடப்பக்கத்துக்கு மஞ்சளும், வலப்பக்கத்துக்குப் பச்சையும் வருகின்றன; பிரேக் இல்லாத சிறிய டிரெய்லருக்கு இதுவே போதும்.

வட்டமான ஏழு முனைப் பிளக், இவற்றோடு மின்பிரேக், 12 வோல்ட் பேட்டரி மின்சாரம், ரிவர்ஸ் விளக்கு ஆகியவற்றுக்கும் இடம் தருவதால், மின்பிரேக் உள்ள கனமான டிரெய்லருக்கு இதையே பொருத்த வேண்டும்.

வண்டியில் ஏழும் டிரெய்லரில் நான்கும் இருந்தால் சாதாரண அடாப்டரே போதும். மாறாக, வண்டியில் நான்கு மட்டுமே இருக்கும்போது, அடாப்டரைச் செருகியதும் விளக்குகள் எரிவதை நம்பிக் கிளம்புவது ஆபத்தானது. ஏனெனில் டிரெய்லரின் பிரேக்குக்கு மின்சாரமே செல்லாது. அதற்குத் தனிக் கம்பியும், ஓட்டுநருக்கு எட்டும் இடத்தில், டிரெய்லரின் மின்பிரேக்கை இயக்கும் கருவியான பிரேக் கன்ட்ரோலரும் கட்டாயம் வேண்டும்.