தங்கம் படிய எந்த உப்பு: மெட்டாபைசல்ஃபைட்டா, அன்னபேதியா?

பழைய நகையை ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்துச் சுத்திகரிக்கும்போது, கரைந்த தங்கத்தைப் பொடியாகப் படியவைக்க ஓர் உப்பு வேண்டும். சவுகார்பேட்டை பட்டறைகளுக்கு முதல் பரிந்துரை சோடியம் மெட்டாபைசல்ஃபைட்தான். விலை குறைவு, பாரிமுனைப் பக்கம் எளிதாகக் கிடைக்கும். கணக்குப்படி ஒரு கிராம் தங்கத்துக்கு 0.72 கிராம் போதும். நடைமுறையில் 1 முதல் 1.5 கிராம் எடுத்து வையுங்கள்.

பெரிய குறை, ஈரம் பட்டால் கெட்டுவிடும். சென்னைக் கடற்காற்றில் திறந்து கிடந்தால் கந்தக வாயு பறந்துபோய் வெறும் சல்ஃபேட் மிஞ்சும். காரமான நெடியே இல்லாத சரக்கு வீண். உதிரியாக வேண்டாம், சீல் வைத்த டப்பாவே வாங்குங்கள்.

"படியவே இல்லை" என்று உப்பைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் கரைசலில் மிச்சமிருக்கும் நைட்ரிக் அமிலத்தை மறந்தவர்கள். அது இருக்கும்வரை படிந்த தங்கம் திரும்பக் கரையும். செம்பழுப்புப் புகை எழும். அதைப் போக்க, சூடான கரைசலில் சல்ஃபாமிக் ஆசிடைச் சிட்டிகை சிட்டிகையாக, நுரைப்பது நிற்கும்வரை சேருங்கள். நன்றாக ஆறவைத்து, வெள்ளி குளோரைடை வடிகட்டிய பிறகே உப்பு. கந்தக டை ஆக்சைடு கிளம்பும். புகைபோக்கி ஓடாமல் தொடவே கூடாது. பழுப்புப் பொடி இறங்கியதும் கரைசலில் ஒரு சொட்டு எடுத்து ஸ்டானஸ் குளோரைடு விடுங்கள். ஊதா வந்தால் தங்கம் இன்னும் உள்ளே இருக்கிறது.

பல்லேடியம் என்ற உலோகம் கலந்த வெள்ளைத் தங்கத்துக்கு அன்னபேதியே (ஃபெரஸ் சல்ஃபேட் என்ற இரும்பு உப்பு) மேல். அது பல்லேடியத்தைத் தொடாது. ஆனால் ஒரு கிராம் தங்கத்துக்கு 4.2 கிராமுக்கு மேல் வேண்டும். பச்சைப் படிகம் பழுப்பேறியிருந்தால் வாங்காதீர்கள். இரும்பு போக, பொடியை ஹைட்ரோகுளோரிக்கில் கழுவவும் வேண்டும்.

ஆக்சாலிக் ஆசிடில் பொடி கனமாக, சுத்தமாக வரும். ஆனால் அமிலத்தன்மையைக் குறைத்து, கொதிநிலை அருகே வைத்திருக்க வேண்டும்; அவசர வேலைக்கு ஒத்துவராது.