வண்டி ரெடின்னு மெஷின் சொல்லட்டும், பில்லு ஏறுதுன்னு நாமதான் சொல்லணும்

திண்டுக்கல்ல டூவீலர் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். ஒரு நாளைக்கு பத்து பன்னெண்டு வண்டி வரும், பாதி பேருக்காவது நடுவுல ஏதாச்சும் தகவல் சொல்ல வேண்டியிருக்கும். கை முழுக்க கிரீஸ், ஃபோன எடுக்க முடியாது. அதனால பல்க் எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் ஆட்டோ மெசேஜ், வாய்ஸ் நோட்டு, நேரா கால் பண்றதுன்னு எல்லாத்தையும் ஓட்டிப் பாத்துட்டேன்.

எஸ்எம்எஸ் நம்மள மாதிரி சின்ன கடைக்கு ஒத்து வரல. ஃபோன் கம்பெனிங்கள கண்காணிக்கிற டிராய் 2018ல போட்ட விதிப்படி டிஎல்டிங்கிற பதிவு தளத்துல கடைய பதியணும், ஹெடர், அதாவது அனுப்புறவங்க பேரா மெசேஜ்ல வர்ற குறியீடு வாங்கணும், அனுப்புற வாசகத்தையும் முன்னாடியே அப்ரூவல் வாங்கி வச்சிருக்கணும், பேரு வண்டி நம்பர்னு விட்டு வச்ச காலி எடத்த மட்டுந்தான் நாம மாத்தலாம். இங்கிலீஷ்னா 160 எழுத்து வரைக்கும் ஒரு மெசேஜ் கணக்கு, தமிழ்னா 70தான், அதுலயும் 'கு'ன்னு அடிச்சா ரெண்டா எண்ணிக்கும். கிளட்ச் பிளேட்டு ஏன் கருகுச்சுன்னு இதுல எங்க போய் எழுதுறது.

வாட்ஸ்அப் பிசினஸ் ஃப்ரீ, ஆனா நான் அத ஒழுங்கா செட் பண்ணாம என் பொழப்பு சிரிப்பா சிரிச்சுது. அதுல கிரீட்டிங் மெசேஜ்னு ஒண்ணு இருக்கு, முதல் தடவ மெசேஜ் பண்றவங்களுக்கும், 14 நாளா பேச்சே இல்லாம திரும்ப வர்றவங்களுக்கும் தானா போகும். நம்ம கடைக்கு ஆளுங்க மூணு மாசத்துக்கு ஒருக்காதான வருவாங்க, அப்ப எல்லாருமே அதுக்கு புது ஆளுதான். எட்டு வருஷமா வர்ற வாத்தியாருக்கு "எங்கள் நிறுவனத்தைத் தொடர்பு கொண்டமைக்கு நன்றி"ன்னு போயிருக்கு, மனுசன் கடைய வேற யாருக்காச்சும் வித்துட்டியாப்பான்னு கேக்குறாரு. செட்டிங்ஸ்ல போயி நம்ம கான்டாக்ட்ல இல்லாதவங்களுக்கு மட்டும்னு மாத்துனா தீர்ற வேலை, அது தெரியவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

அத விட கொடுமை தீபாவளிக்கு நடந்தது. தெரிஞ்ச பையன் ஒருத்தன் பேரப் போட்டு வாட்ஸ்அப்ல மொத்தமா அனுப்புற சாஃப்ட்வேர் ஒண்ணு ஏத்திக் குடுத்தான் (இந்த மாதிரி வெளி சாஃப்ட்வேர்ல அனுப்புனா வாட்ஸ்அப்காரங்க நம்பரையே பிளாக் பண்ணிரலாம், அதுவும் பிற்பாடுதான் தெரிஞ்சுது). அது பேர எங்கேர்ந்து எடுக்கும், என் ஃபோன்லேர்ந்துதான. நான் பேரு கேட்டா சேவ் பண்ணுவேன்? "அன்புள்ள பச்ச ஸ்கூட்டி பாக்கி 400 அவர்களுக்கு, இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்". அந்தக்கா ராத்திரியே 400 ரூபா ஜிபே பண்ணிட்டு, "இப்பயாச்சும் பேர மாத்துங்க தம்பி"ன்னு எழுதிருந்தாங்க.

எனக்கு நல்லா ஓடுறது வாய்ஸ் நோட்டுதான். முன்னாடியெல்லாம் "எக்ஸ்ட்ரா 650 ஆகும், ஓகேவா"ன்னு அடிச்சி விட்டா, வேணாம் வண்டிய அப்படியே குடுங்கன்னுதான் முக்காவாசி பதில் வரும், ஏன்னா அவங்களுக்கு நாம ஏமாத்துற மாதிரிதான் தெரியும், அவங்க மேல தப்பில்ல. இப்ப கழட்டுன பிரேக் ஷூவ புது ஷூ பக்கத்துல வச்சி ஒரு போட்டோ, கூடவே அர நிமிஷத்துக்கு வாய்ஸ். போன வாரம் ஒரு தம்பி "இன்னும் எத்தன நாள் தாங்கும்ணே"ன்னு கேட்டான். ஊருக்குள்ள மெதுவா ஓட்டுனா ஒரு மாசம் தள்ளலாம், கொடைக்கானல் போயி எறங்குற ஐடியா இருந்தா இப்பவே மாத்திருன்னேன். மாத்திட்டான். இந்த கேள்விக்கு எந்த டெம்ப்ளேட்ட வைக்கிறது சொல்லுங்க. ஒண்ணு, வாய்ஸ்ல சொன்னாலும் தொகைய மட்டும் கீழ டைப் பண்ணிருங்க, பஸ்ல இருக்கவங்க கேக்க முடியாது, அப்புறம் நீ எவ்வளவு சொன்னன்னு தகராறு வந்தா வாய்ஸ தேடிக்கிட்டு இருக்க முடியாது. கம்ப்ரசர் ஓடுறப்ப பேசாதீங்க.

கால் பண்றது கெட்ட சேதிக்கு மட்டும். ஸ்பேர் வரல, நாளைக்கு வண்டி கிடைக்காதுன்னா கூப்டுருவேன். ஒரு தடவ ஸ்டாண்டு சரியா போடாம பசங்க ஒரு புது வண்டிய சாச்சு இண்டிகேட்டர் ஒடஞ்சிருச்சு, அவரு வந்து பாக்குறதுக்கு முன்னாடி நானே கூப்ட்டு சொன்னேன், கத்துனாரு, நல்லாவே கத்துனாரு, ஆனா அடுத்த சர்வீஸுக்கும் இங்கதான் விட்டாரு.

மெஷின்கிட்ட இப்ப ரெண்டே ரெண்டு வேலதான் விட்டிருக்கேன். வண்டி ரெடி, எட்டு மணிக்குள்ள வாங்கன்னு க்விக் ரிப்ளைல சேவ் பண்ணி வச்சது ஒண்ணு, அதுக்கு யாரும் திருப்பி ஒண்ணும் கேக்கப் போறதில்ல. இன்னொண்ணு கடை மூடுனப்புறம் போற அவே மெசேஜ். ஏஐட்ட எழுதச் சொன்னா "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே"ன்னு பேங்க் நோட்டீஸ் மாதிரி எழுதிக் குடுத்துச்சு, அத தூக்கிட்டு "கடை மூடியாச்சுங்க, காலைல 9 மணிக்கு நானே கூப்டுறேன்"னு போட்டு வச்சிருக்கேன். இதுல ஒரே தொல்ல என்னன்னா, காலைல 9 மணிக்கு உண்மையிலயே கூப்டணும்.